கவச வண்டியும் இருபதாவது குதிரையும்

சத்தியம், சத்தியம், சத்தியம்! மூன்று தடவை சொல்லிவிட்டேன். இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது நடந்தபடி. நம்பாதவர்கள் கற்பூரம் ஏற்றிக் கொண்டு வாருங்கள், வெறும் உள்ளங்கையால் அடித்து அணைக்கிறேன். ஒரு கட்டி போதாதென்றால் டப்பாவோடு ஏற்றுங்கள். காட்டெருமை எங்கேயாவது பேசுமா என்று மட்டும் குறுக்கே கேட்கக் கூடாது. பதவி கொடுத்துப் பாருங்கள், எது பேசாது?

ஒரு காட்டில் ஒரு படை இருந்தது. சண்டைதான் இல்லை.

கடைசிச் சண்டை முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஆற்றின் நடுத்திட்டில் நின்ற ஒரு நாவல் மரத்துக்காக நடந்தது. பாதிச் சண்டையில் வெள்ளம் வந்து மரத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. இக்கரைப் படையும் அக்கரைப் படையும் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பின. அன்றிலிருந்து சமாதானம்.

சமாதானம் வந்தால் படைக்கு வேலை குறையும் என்று நினைப்பவர்கள் படையைப் பார்த்ததில்லை. காலையில் சல்யூட், மாலையில் சல்யூட், நடுவில் அணிவகுப்பு மைதானத்துப் புல்லைத் தின்று குறைக்க வேண்டும். தளபதி வீரபாகு ஒரு காட்டெருமை. கழுத்து நிறையப் பதக்கம். அத்தனையும் புல் விஷயத்தில் வாங்கியவை.

மைதானத்தின் மூலையில் 'குதிரைப்படை' என்று ஒரு பலகை தொங்கியது. பலகைக்குக் கீழே ஒரே ஒரு குதிரை நின்றது. பெயர் பரிமளம். பதினெட்டு வருட சர்வீஸ். அணிவகுப்பில் முதல் வரிசையும் அவள்தான், கடைசி வரிசையும் அவள்தான். "வரிசை கோணுது!" என்று யாராவது கத்தினால், எந்தப் பக்கம் கோணியது என்று தெரியாமல் அவள் நடுவில் வந்து நிற்பாள்.

அப்படி ஒரு நாள் காலை, படைப் பட்டறையில் வேலை பார்க்கும் கரடி சடையப்பன் ஒரு பூதத்தை உருட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். மனிதர்கள் மலைப்பாதையில் கவிழ்த்துவிட்டுப் போன லாரியின் என்ஜின். அதைச் சுற்றித் தார் டின்களை வெட்டி அடித்த தகடு. உச்சியில் விளாங்காய் எறிவதற்கு ஒரு குழாய். நாலு சக்கரம். அது உறுமியது, புகை விட்டது, நின்ற இடத்திலேயே கோபப்பட்டது.

"என்னய்யா இது?" என்றார் தளபதி.

"கவச வண்டிங்க ஐயா. உள்ளே உட்கார்ந்துக்கிட்டா எதிரி அடிச்சாலும் நமக்கு வலிக்காது."

"எதிரி அடிச்சு முப்பத்திரண்டு வருஷம் ஆகுதேய்யா."

"அதாங்க. வலி மறந்திருக்கும். பழக்கமில்லாம திடீர்னு வந்தா தாங்காது பாருங்க."

தளபதிக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. அங்கேயே ஒரு உத்தரவு போட்டார். வண்டி சோதனையில் தேறினால் கவசப்படை என்று ஒன்று தொடங்கப்படும், சடையப்பன் அதன் தலைவன். தேறிய அன்றே குதிரைப்படை கலைக்கப்படும். மீதமிருக்கும் குதிரை, பட்டணத்துக் கடற்கரைக்குச் சவாரிக் குதிரையாக அனுப்பப்படும்.

கடற்கரை என்றால் என்ன என்று பரிமளத்துக்குத் தெரியும். அவளுடைய சித்தப்பா ஒருவர் கடற்கரையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நெற்றியில் பிளாஸ்டிக் பூ, கழுத்தில் ஜிகினா, முதுகில் எப்போதும் வீறிட்டு அழுகிற ஒரு குழந்தை, முன்னால் போட்டோ எடுக்கிற அப்பா. காட்டுக்குத் திரும்பிய பிறகும், யாராவது எதிரே வந்தால் சித்தப்பா தானாகவே ஒரு வட்டம் சுற்றிவிட்டு நின்று, "அவ்வளவுதான், இறங்குங்க" என்பார். முதுகில் யாரும் இருக்க மாட்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குக் கடல் என்ற சொல்லே ஆகாது.

இங்கேதான் படிவம் வருகிறது.

படையில் எது சேர்ந்தாலும் படிவம் நிரப்ப வேண்டும். தலைமை எழுத்தர் ஆவுடைநாயகம் ஒரு முள்ளம்பன்றி. பேனாவுக்கு யாரிடமும் போய் நிற்காத ஒரே எழுத்தர் அவர்தான். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தோய்த்துக்கொண்டு, குதிரைப் படிவத்தை எடுத்து விரித்தார்.

"ஐயா, இது வண்டிங்க," என்றான் கரடி. "வண்டிப் படிவம் இருந்தா குடுங்க."

"வண்டிப் படிவம் அச்சடிக்கணும்னா அதுக்கு ஒரு கோரிக்கைப் படிவம் இருக்கு. அது தீர்ந்துபோச்சு. அதை அச்சடிக்கணும்னா அதுக்கு இன்னொண்ணு இருக்கு. மேலே சொல்லட்டுமா, போதுமா?"

"குதிரைப் படிவமே போதுங்க."

"நிறம்?"

"தார் டின் நிறம்."

"கருப்பு. பல்?"

"கியர்ல முப்பத்தாறு பல்லு இருக்குங்க."

"எல்லாப் பல்லும் முளைச்சாச்சு. சுழி?"

குதிரை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழியைத்தான். உடம்பில் மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்பதை வைத்தே எசமானுக்கு ராஜயோகமா, வீடு முழுகுமா என்று சொல்லிவிடுவார்கள். கரடி தலையைச் சொறிந்தான்.

"சுழியெல்லாம் இல்லீங்க. முன்னால ஒரு காத்தாடி சுத்துது. என்ஜின் சூடாகாம இருக்க."

"நெற்றியில் ஒற்றைச் சுழி, ஓயாமல் சுழல்கிறது" என்று எழுதிவிட்டு ஆவுடைநாயகம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "யோவ், ஏழு தலைமுறைக்கு ஒண்ணு இப்படிப் பொறக்கும்யா. சரி, பலம்?"

"இருபது குதிரை சக்திங்க."

"இருபது குதிரை." எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "சக்தி யாரு?"

"அதுதாங்க எல்லாத்தையும் ஓட்டுறது."

"அப்படியா. குதிரைகள் இருபது, மேற்பார்வை சக்தி. ஆணா, பெண்ணா?"

"அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுங்க."

"கண்ணுல படமாட்டாரா? சரிதான், பெரிய அதிகாரி. எங்கே, விரலை நீட்டு."

கரடி படிவத்தைப் படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைத்தான். வண்டி ஓடினால் போதும் என்பது அவன் கணக்கு.

சோதனை நாள் வந்தது. தளபதிக்குப் பக்கத்தில் கவச நிபுணர் என்று ஆமையார் உட்கார்ந்திருந்தார். நூற்று நாற்பது வருடமாகக் கவசத்தைக் கழற்றாதவர், ஆகவே நிபுணர். அவர் வண்டியை மூன்று மணி நேரம் சுற்றி வந்தார். ஒரு சுற்றுத்தான். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"இது தலையை உள்ளே இழுக்குமா?"

"இழுக்காதுங்க."

"தலையை உள்ளே இழுக்கத் தெரியாதது கவசம் இல்லை. சட்டை."

ஆனால் வண்டி ஓடியது. அதைச் சொல்லாவிட்டால் கரடிக்குத் துரோகம் செய்தவனாவேன். அற்புதமாக ஓடியது! மேட்டில் ஏறியது, ஓடையில் இறங்கியது, ஆளுயரக் கறையான் புற்றை இடித்துத் தூள் பண்ணியது. கடைசியாகக் குழாயிலிருந்து பறந்த விளாங்காய், குறி தவறித் தளபதியின் இரண்டு கொம்புக்கும் நடுவில் 'ணங்' என்று விழுந்தது.

தளபதி நெற்றியைத் தடவிக்கொண்டார். "எதிரிக்கும் இப்படித்தான் வலிக்குமா?"

"இதைவிட நல்லா வலிக்கும் ஐயா."

"சபாஷ்!" என்று எழுந்துவிட்டார். அந்த வேகத்திலேயே ராஜா சிங்கத்துக்கு முரசடித்துச் செய்தி போனது: கவச வண்டி வெற்றி, இருபது குதிரைகள் படையில் சேர்ந்தன, ஒற்றைக் குதிரைப் படை கலைக்கப்பட்டது. பரிமளம் தன் பலகைக்குக் கீழே நின்று முரசு முழுவதையும் கேட்டாள்.

முரசு ஓய்ந்ததும் ஆவுடைநாயகம் படிவத்தோடு வந்து நின்றார்.

"ஐயா, முத்திரை வைக்கணும். விதிப்படி இருபது குதிரையையும் நேர்ல எண்ணிப் பார்த்துட்டுத்தான் வைக்க முடியும்."

"எண்ணுங்க."

வண்டியின் மூடியைத் திறந்தார்கள். எண்ணெய் இருந்தது, குழாய் இருந்தது, ஓயாமல் சுழல்கிற சுழியும் இருந்தது. குதிரை ஒன்றுகூட இல்லை.

"சடையப்பா!" தளபதியின் மூக்கிலிருந்து புகை வந்தது. "இருபது குதிரைன்னு கைநாட்டு வச்சிருக்கியே, எங்கேய்யா?"

"ஐயா, குதிரை இல்லீங்க, சக்திதாங்க இருக்கு!"

"கேட்டீங்களா?" என்றார் ஆவுடைநாயகம். "சக்தி இருக்காராம், அவர் பொறுப்புல இருந்த இருபதையும் காணோமாம். கூப்பிட்டு விசாரிக்கணும்."

தளபதி மூடிக்குள் தலையை நீட்டி, "சக்தி! சக்தி!" என்று அதட்டினார். மூன்றாம் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதிலே சொல்லமாட்டேங்கிறார். பெரிய இடத்து ஆளா இருக்கும். அவரை விடுங்க, கரடியைப் பிடிங்க."

"ஐயா, ஐயா," என்று கரடி காலில் விழுந்தான்.

அப்புறம்தான் தளபதிக்குச் சுரீரென்றது. இருபது குதிரை சேர்ந்ததாக ராஜாவுக்கு முரசடித்தாயிற்று. இப்போது கரடியை உள்ளே தள்ளினால், இல்லாத குதிரைகளுக்கு முரசடித்த தளபதியை ராஜா எங்கே தள்ளுவார்? அவர் மெதுவாகத் திரும்பிப் பரிமளத்தைப் பார்த்தார்.

"நீ குதிரைதானே? உன் இனம் உனக்குத்தான் தெரியும். வந்து பார்த்து எத்தனை குதிரை இருக்குன்னு சொல்லு."

பரிமளம் வண்டியை நோக்கி நடந்தாள். நடக்க நடக்க யோசித்தாள். ஒன்றுமே இல்லை என்று உண்மையைச் சொன்னால் தளபதியின் மானம் போகும், மானம் போன தளபதி அவளைச் சும்மா விடமாட்டார். இருபது என்று சொன்னால் தளபதி பிழைப்பார், கரடி பிழைப்பான், அவளுக்குப் பிளாஸ்டிக் பூ.

கரடி காலில் விழுந்த நிலையிலேயே முணுமுணுத்தான். "அக்கா, என் தலை உங்க நாக்குல இருக்கு."

"என் பொழப்பு உன் டப்பாவுல இருக்குடா," என்றாள் அவள்.

மூடியின் மேல் காதை வைத்தாள். குளம்பால் இரண்டு தட்டுத் தட்டினாள். மோப்பம் பிடித்தாள். "யாரது மூணாவது வரிசையில? வாலை மடக்கு. சரியா நில்லுங்கப்பா, எண்ண வேண்டாமா?" என்று உள்ளே பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். பிறகு நிமிர்ந்து, கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்:

"பத்தொன்பது இருக்காங்க ஐயா."

தளபதிக்குப் போன உயிர் வந்தது. "பார்த்தீரா எழுத்தரே! நானும் அசைவு தெரியுதேன்னு பார்த்தேன். ஆமா, இன்னொண்ணு எங்கே?"

"அந்த இடம் காலிங்க ஐயா. ரொம்ப நாளா யாரையும் போடாம விட்டிருக்காங்க."

காலிப் பணியிடம் என்ற சொல்லைக் கேட்டால் ஆவுடைநாயகத்துக்கு உடம்பில் உள்ள முள்ளெல்லாம் தானாக எழுந்து நிற்கும். பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு அடி விலகினார்கள்.

"ஐயா, இதை உடனே நிரப்பணும். இல்லைன்னா அடுத்த வருஷம் அந்த இடத்தையே வெட்டிடுவாங்க. தகுதி, குதிரையா இருக்கணும். மூப்பு வரிசைப்படி போகணும்."

அப்போதே நேர்காணல் நடந்தது.

"குதிரையாக முன் அனுபவம் உண்டா?"

"பொறந்ததிலிருந்துங்க."

"இதே பதவிக்கு வேறு யாராவது போட்டி?"

பரிமளம் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். "கண்ணுக்கு எட்டின வரைக்கும் இல்லீங்க."

தளபதிக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். "குதிரைப்படையைக் கலைச்சாச்சுன்னு முரசுல சொல்லிட்டமே, இவளை எப்படி வச்சுக்கிறது?"

"கலைச்சது குதிரைப்படையை ஐயா," என்றார் ஆவுடைநாயகம். "இந்தம்மா இப்போ உதிரிபாகம்."

இப்படியாகப் பரிமளம் கவச வண்டியின் இருபதாவது குதிரையானாள். பணியில் சேருவதென்றால் பணியிடத்துக்குள் போக வேண்டுமே? வண்டிக்குள் முயலுக்குக்கூட இடமில்லை. எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, என்ஜினைக் கழற்றச் சொன்னார்.

"ஐயா!" கரடி அலறினான். "என்ஜினைக் கழட்டினா வண்டி எப்படிங்க ஓடும்?"

"மீதி பத்தொன்பது பேர் என்னய்யா பண்றாங்க?"

கரடி ஸ்பேனரை எடுத்தான். உண்மையைச் சொன்னால் கைநாட்டு கழுத்தைப் பிடிக்கும். என்ஜினைக் கழற்றிக் கொட்டகையில் வைத்தான். கலங்கிப்போய் அதன் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டான். பத்தொன்பது குதிரைகளும் மருத்துவ விடுப்பில் இருப்பதாகப் பதிவாயிற்று.

பரிமளம் தகரத்துக்குள் புகுந்து, அடியில் நாலு கால் தெரிய நடந்தாள். இப்போது வண்டி புகை விடவில்லை. உறுமவில்லை. நில் என்றால் நின்றது. பள்ளம் வந்தால் தானே ஒதுங்கியது. "பார்த்தீரா," என்றார் தளபதி பூரிப்போடு, "முதல்ல முரடா இருந்துச்சு. நம்ம படையில சேர்ந்ததும் எவ்வளவு ஒழுக்கம் வந்துடுச்சு!" பரிமளம் மூச்சு வாங்க முன் ஓட்டை வழியாக முகத்தை நீட்டிவிட்டு, ஈ மொய்க்கவும் உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆமையார் பரவசமாகி, "தலையை உள்ளே இழுக்கிறது! இதுதான் கவசம்!" என்று கையெழுத்துப் போட்டார். போட்டு முடிக்க மாலையாயிற்று.

கவசப்படைக்குத் தலைவர் வேண்டுமல்லவா? கரடி வாயைத் திறந்தான். ஆனால் படிவத்தில் மேற்பார்வை என்று இருந்தது வேறொரு பெயர். யாரோடும் சண்டை போடாத, யாரிடமும் எதுவும் கேட்காத, ஒரு நாளும் விடுப்பு எடுக்காத அதிகாரி என்று பாராட்டி, தலைமைப் பதவியைச் சக்திக்கே கொடுத்தார்கள். கரடிக்கு வண்டிக்கு லாடம் அடிக்கும் வேலை கிடைத்தது.

"இருக்கட்டும் விடுடா," என்றாள் பரிமளம் உள்ளேயிருந்து. "ஆணியைக் கொஞ்சம் சாய்ச்சு அடி. இடது பின்னங்கால் வலிக்குது."

"நாலு சக்கரத்தை எப்படியெல்லாம் உருட்டலாம்னு கனவு கண்டேன் அக்கா."

"கனவை அப்புறம் காணு. இப்போ ஆணியைப் பாரு."

பரிமளம் இனி நிம்மதி என்று நினைத்தாள். ஆனால் கவச வண்டி என்பது ஒரு காட்டோடு நிற்கிற வியாதி இல்லை.

வருடத்துக்கு ஒரு நாள் இரண்டு காட்டுப் படைகளும் ஆற்றங்கரையில் சந்தித்துத் தேனும் கிழங்கும் மாற்றிக்கொள்ளும். அந்த வருடம் அக்கரைப் படை கிழங்கு கொண்டுவரவில்லை. தகரம் அடித்த ஒரு வண்டியைக் கொண்டுவந்து மணலில் நிறுத்தியது. முப்பது குதிரை சக்தி என்று அதன் நெற்றியில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது.

வீரபாகுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "நம்மைவிடப் பத்து அதிகமா? மோதிப் பார்த்துடலாம். வண்டியே, புறப்படு!"

உள்ளே பரிமளம் கணக்குப் போட்டாள். மோதினால் தகரம் பிரியும். பிரிந்தால் பத்தொன்பது குதிரையின் கதை வெளியே கொட்டும். பொய்க் கணக்குச் சொன்னவளைக் கடற்கரைக்கு அனுப்புவதற்கு முரசுகூடத் தேவையில்லை. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். அவள் மணலில் நடந்தாள். எதிரே அந்த வண்டியும் அசைந்து அசைந்து வந்தது. இரண்டும் நெற்றிக்கு நெற்றி முட்டுகிற தூரத்தில், எதிர் வண்டியின் ஓட்டையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

பரிமளம் மெதுவாகக் கேட்டாள். "யாருங்க உள்ளே?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "முப்பதாவது குதிரைங்க. நீங்க?"

"இருபதாவது. உங்க குரல் குதிரை மாதிரி இல்லியே."

"கழுதைங்க அக்கா. பேரு பொன்னுரங்கம். எங்க காட்டுல குதிரையே கிடையாது. வேலைக்குத்தான் குதிரைன்னு பேரு."

"மீதி இருபத்தொன்பது பேரு?"

"கொட்டகையில கிடக்காங்க. எண்ணெய் ஒழுகுது."

பரிமளம் பெருமூச்சு விட்டாள். "இங்க பாருங்க தம்பி. மோதினோம்னா ரெண்டு பேரும் வெளியே தெரிஞ்சுடுவோம். எனக்குக் கடற்கரை. உங்களுக்கு?"

"செங்கல் சூளைங்க அக்கா."

"அப்போ நெத்தியை நெத்தியில முட்டுக்குடுத்து நில்லுங்க. தள்ளுற மாதிரி மூச்சு மட்டும் வாங்குங்க. காலை மணல்ல கொஞ்சம் சறுக்க விடுங்க, பார்க்க நல்லா இருக்கும்."

நின்றார்கள். மூச்சு வாங்கினார்கள். இரண்டு தகரமும் நடுங்கின. இரண்டு படைகளும் ஆரவாரம் செய்தன. உள்ளே பொன்னுரங்கம் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னான், பரிமளம் அதற்கு எருக்க இலை ஒத்தடம் சொன்னாள். உச்சி வெயில் வந்து மணல் சுடத் தொடங்கியதும் இரண்டு தளபதிகளும் கையை உயர்த்தினார்கள்.

"நமது இருபது, எதிரியின் முப்பதைத் தடுத்து நிறுத்தியது!" என்று இக்கரையில் முரசு.

"நமது முப்பது, ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை!" என்று அக்கரையில் முரசு.

இரண்டு காட்டிலும் வெற்றி விழா. திரும்பி வந்ததும் வீரபாகு கேட்ட முதல் கேள்வி, "அடுத்த வருஷம் அவன் நாற்பதோட வந்தா?" என்பதுதான். உடனே நமது வண்டியும் நாற்பது குதிரை சக்தியாக உயர்த்தப்பட்டது. புதிய பணியிடம் இருபது. மூப்பு வரிசைப்படி தகுதியுள்ள ஒரே ஆள் ஏற்கெனவே இருபதாவது இடத்தில் இருந்ததால், இருபத்தொன்றிலிருந்து நாற்பது வரைக்கும் அவளுக்கே கூடுதல் பொறுப்பு.

அதற்குப் பிறகு பரிமளத்தை வெளியே அனுப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரே நாளில் இருபத்தொரு குதிரைகளை இழக்க எந்தப் படையும் சம்மதிக்காது. தினம் காலையில் ஆவுடைநாயகம் பெயர் வாசிக்க, தகரத்துக்குள்ளிருந்து இருபத்தொரு தடவை "உள்ளேன் ஐயா" வருகிறது. முப்பத்தேழாவது குதிரைக்கு மட்டும் கொஞ்சம் சளி பிடித்த குரல். அதற்குக் கஷாயம் கொடுக்கச் சொல்லித் தளபதி தனி உத்தரவே போட்டிருக்கிறார். பரிமளம் அதையும் மறுக்காமல் குடித்துக்கொள்கிறாள்.

நீதி: எந்த இயந்திரம் வந்தாலும் அதற்குள் என்ஜின் எங்கே என்று தேடாதே, காலியிடம் எங்கே என்று தேடு.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், தடையில்லை. யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. நான் இன்று இந்தப் பக்கமே வரவில்லை, நீங்களும் என்னைப் பார்க்கவில்லை. சரிதானே? போய் வாருங்கள், திரும்பிப் பார்க்காமல் போங்கள்.